உடன் நடந்த உயிர்

‘இது யாருடையது?’ என்னும் வினாவை நாம் நாள்தோறும் கேட்கிறோம். வீட்டையும் நிலத்தையும் பொருளையும் குறித்து அவ்வாறு கேட்பது முறையே. ஆனால், ஓர் உயிரைக் குறித்தும் அதே வினாவைக் கேட்டு, ‘நம்முடையது அன்று’ என்று விடை கண்ட அளவில் நம் கடமை தீர்ந்துவிட்டதெனக் கொள்ளலாமா? சித்தூரை அடுத்த ஒரு சிறு குன்றில் நேர்ந்த எளிய நிகழ்ச்சி எங்களை இவ்வாறு எண்ணச் செய்தது.

அது 2021 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள். வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 19 ஆம் நாள் விடியற்காலையில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரை கடந்தது. அதனை ஒட்டிப் பெய்த பெருமழையில் திருமலையின் படிவழிகள் அருவிகளாயின. அலிபிரி வழியும் ஸ்ரீவாரி மெட்டு வழியும் மூடப்பட்டன. பழுதுற்ற ஸ்ரீவாரி மெட்டு வழி மீண்டும் திறக்கப்பட்டது 2022 மே மாதத்தில்தான். பொன்முகலி என்று தமிழர் போற்றும் சுவர்ணமுகி ஆறு கரை புரண்டது. அண்டையிலுள்ள கடப்பை மாவட்டத்தில் அன்னமய்யா அணை உடைந்து உயிர்களையும் ஊர்களையும் வாரிச் சென்றது. சித்தூர் நகரின் ஊடே ஓடும் நீவா ஆறும் பெருகிற்று. அதுவே தெற்கே வந்து பொன்னையாறு என்னும் பெயருடன் பாலாற்றில் கலக்கிறது. வெள்ளம் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை.

மழை சற்றே ஓய்ந்த பின், சித்தூருக்கு அருகில் வாழும் எம் உறவினரைக் காணச் சென்றிருந்தோம். பல நாள் வீட்டினுள் அடைபட்டுக் கிடந்தோர்க்குக் காலாற நடக்கும் ஆசை எழுவது இயல்பே. ஒரு பிற்பகலில் அண்ணன் மகனையும், வெளியூரில் வளரும் எம் பேரனையும், வீட்டு நாயையும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் பின்னுள்ள குன்றில் ஏறினோம். எலும்பு தெரிய இளைத்த பழுப்பு நாய் ஒன்றும் உடன் வந்தது. வெள்ளத்திற்குப் பின் எங்கிருந்தோ வந்து ஊரில் திரிகிறது என்றனர். உச்சியில் அமர்ந்து, நிரம்பித் தளும்பும் ஏரிகளைக் கண்டோம். கொண்டு சென்ற ரொட்டியைப் பகிர்ந்துண்டோம். அந்த நாயும் தன் பங்கை உண்டு எங்கள் காலடியில் படுத்துக்கொண்டது.

இறங்கும்போது மீண்டும் மழை பிடித்துக்கொண்டது. வரும்போது கணுக்கால் அளவே இருந்த ஓடையில் இப்போது முழங்காலுக்கு மேல் நீர் இரைந்து ஓடிற்று. அண்ணன் மகன் பேரனை முதலில் கடத்திவிட்டுத் திரும்பி வந்து, வீட்டு நாயைத் தோளில் சுமந்து கடந்தான். நாங்களும் ஒருவாறு கரையேறினோம். பழுப்பு நாய் மட்டும் அக்கரையில் நின்று எங்களையே நோக்கியது.

“தாத்தா, அது வரலையே?” என்றான் பேரன்.

“அது நம்ம நாய் இல்லப்பா. தானா வந்துடும்” என்றோம்.

மழை தணிந்தபின் மாலையில் சோற்றுடன் சென்று பார்த்தோம். அது அங்கே இல்லை. ஊரை விட்டுப் புறப்படும் வரையிலும் அது கண்ணிற் படவில்லை. பேரன் அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனமே எங்களைச் சுட்டது.

பாரதத்தின் முடிவில் தருமன் இமயம் நோக்கி நடக்கிறான். திரௌபதியும் தம்பியரும் ஒருவர்பின் ஒருவராக வீழ்கின்றனர். அத்தினபுரத்திலிருந்து பின்தொடர்ந்த நாய் ஒன்றே எஞ்சுகிறது. அது அவன் வளர்த்த நாய் அன்று. உடன் நடந்ததே அதன் உரிமை. நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறுமாறு இந்திரன் கூறத் தருமன் மறுக்கிறான். ‘தம்பியரை விட்டு வந்தாயே’ என்று இந்திரன் வினவியபோது அவன் கூறிய விடை எண்ணத்தக்கது. இறந்தோரை மீட்கத் தன்னால் இயலவில்லை; உயிருடன் இருந்தபோது எவரையும் தான் கைவிடவில்லை என்பதே அவன் கருத்து.

இயலாமை வேறு, கைவிடுதல் வேறு. பெருவெள்ளத்தில் மனித உயிரை முதலில் காப்பவரை எவரும் குறை கூறார். எல்லா உயிரையும் எல்லோராலும் காத்தல் அரிது. ‘எம்மால் இயலவில்லை’ என்று சொல்வதில் துயரம் உண்டு, பொய் இல்லை. எங்கள் நிலை அதுவன்று. அண்ணன் மகன் இன்னும் ஒருமுறை ஓடையைக் கடந்திருக்கலாம். இயன்றதைச் செய்யாமல் விட்டு, அதனை ‘நம்முடையது அன்று’ என்னும் சொல்லால் மூடினோம். நம் கடமைக்கு எல்லை உண்டுதான். ஆனால் அவ்வெல்லையை வகுக்க வேண்டியது நம் ஆற்றலேயன்றி உடைமை அன்று.

பிறந்த ஊரைவிட்டுப் பிழைப்பு நாடி வந்த நமக்கு இது விளங்காததன்று. மொழி அறியாத நகரில் முதல் நாள் வந்து இறங்கியபோது, ‘நீ யாருடைய ஆள்?’ என்று கேட்டுக் கதவடைத்தோரும் உண்டு. ஒன்றும் கேளாது ஒருவேளைச் சோறிட்டோரும் உண்டு. இவருள் யாரை நாம் இன்றும் நன்றியோடு நினைக்கிறோம் என்பதை நாமே அறிவோம். நம் பிள்ளைகளுக்கு அறநூல்களைக் கற்பிக்கிறோம், நன்று. அவர்களோ, ஓடைக்கரையில் நாம் செய்வதைப் பார்த்தே அறம் கற்கின்றனர்.