கைகூப்ப யாருமில்லாத காலம்

பெங்களூரின் அல்சூர் சோமேசுவரரைக் கும்பிட்டு வளர்ந்தவள் நான். உலகம் மனிதனுக்காகவே படைக்கப்பட்டது என்று உபன்யாசத்தில் கேட்கும்போதெல்லாம் லால்பாக் பாறைதான் நினைவுக்கு வருகிறது.

கெம்பேகௌடர் கோபுரம் நிற்கிற அந்தப் பாறைக்குச் சுமார் 300 கோடி வயது. பூமியின் ஆழத்தில் வெந்து, நசுங்கி, மடிந்த நைஸ் பாறை அது. அரியலூர் மண்ணில் கடற்சிப்பிகளின் புதைபடிவம் கிடைக்கும். இந்தப் பாறையில் ஒரு சுவடும் இல்லை. உயிர்கள் மட்கி உண்டான நிலக்கரியும் எண்ணெயும் இல்லை. இத்தகைய பாறை உதிர்ந்து, அதிலிருந்த இரும்பு துருவேறித்தான் ஊரின் செம்மண் ஆனது.

அந்தப் பாறை உருவான காலத்தில் உயிர் என்றால் நுண்ணுயிர் மட்டுமே. கைகூப்ப ஒருவரும் இல்லை. அப்போது இறைவன் யாருக்காக இருந்தான்? யாருக்காகவும் அல்ல, இருந்தான். அவ்வளவே என் பதில். வழிபாடு தேவைப்படுவது நமக்கு. பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு என்கிறது புராணம். அதை விஞ்ஞானத்துக்குச் சான்றாக இழுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மனிதனைச் சிறியவனாக்கும் அந்தக் கணக்கின் பணிவுதான் எனக்கு வேண்டும்.

1975இல் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட பாறை இது. தயவுசெய்து அதில் பெயர் கீறாதீர்கள்.