அப்பாவின் கண்ணாடி

தூக்கிப் போட மனசு வராத ஒரு பொருள் உங்கள் வீட்டிலும் இருக்கும். ஓடாத சுவர்க் கடிகாரம், தாத்தாவின் ஈஸி சேர், மூடி தொலைந்த கூஜா... ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிடுகிறோம். என் விஷயத்தில் அந்தப் பொருள் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ரோட்டில் ஓடுகிறது. பிரச்னையே அதுதான்.

1968-ல் பம்பாயில் தயாரான ஃபியட் 1100. எண்பதுகளில் அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அவர் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் எடுப்பேன். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்துகொள்ள 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்று இரண்டு எழுத்து ஏறும். முக்கியமான ஒரு நிபந்தனை, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிதாகக் கை வைக்காமல் வண்டி அசலாக இருக்க வேண்டும். விண்ணப்பம் போடலாமா என்று யோசித்த நாளிலிருந்து ‘ஒரிஜினல்’ என்ற வார்த்தை எனக்குத் தலைக்கேறிவிட்டது.

அந்த வண்டியின் முன் கண்ணாடியில் டிரைவர் பக்கம் ஒரு அரைவட்டம் இருக்கிறது. வைப்பரின் ரப்பர் தேய்ந்து, தகரம் கண்ணாடியில் உரசி உரசி விழுந்த கீறல்கள். அப்பா ஓட்டிய அத்தனை மழையும் அதில் இருக்கிறது என்று நானே நெகிழ்ந்துகொள்வேன். பகலில் அது கண்ணுக்கே தெரியாது. ராத்திரி எதிரே லைட் வந்தால்தான் தெரியும்.

தெரிந்தது. செங்கல்பட்டு தாண்டி ஒரு கிளைச் சாலை. இரவு எட்டு மணி, லேசான தூறல். எதிரே ஹைபீமில் ஒரு பஸ். அரைவட்டம் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. பஸ் கடந்ததும் பார்த்தால், பம்பருக்கு முன்னால் இரண்டடி தூரத்தில் ஒரு சைக்கிள். பின் கேரியரில் ஒரு சின்னப் பெண். பிரேக்கை மிதித்தேன். அவர் பதறித் திருப்பியதில் இருவரும் மண்ணில் சாய்ந்தார்கள். நல்லவேளை, அடி இல்லை. சைக்கிளை நிமிர்த்திக்கொண்டே அவர் கேட்டார்: “கண்ணு தெரியலையா சார்?”

அவர் திட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். தெரியவில்லை என்பதுதான் நிஜமான பதிலும்.

அதற்குப் பிறகாவது உடனே கண்ணாடியை மாற்றினேனா என்றால், இல்லை. ஒரு மாதம் தத்துவம் பேசினேன். தீசியஸ் என்பவனுடைய கப்பலைப் பற்றி புளூடார்க் எழுதிவைத்த பழைய புதிர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் இருப்பது அதே கப்பலா, வேறு கப்பலா? அதையே எனக்கு வசதியாகத் திருப்பிக்கொண்டேன். டயர் மாறிவிட்டது, பேட்டரி மாறிவிட்டது, கண்ணாடியும் போனால் அப்பாவின் கார் எங்கே? செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப்போட தத்துவத்தைப் போல உதவுவது வேறு இல்லை.

கடைசியில் புதுப்பேட்டை. பாய் கண்ணாடியில் நகத்தால் கீறிப் பார்த்தார்.

“பாலிஷ் போட்டா போயிடாதா பாய்?”

“மேலாக்க இருந்தா போயிடும் சார். இதுல நகம் மாட்டுது பாருங்க. தேய்ச்சா பள்ளமாயிடும். ரோடே வளைஞ்சு தெரியும்.”

இரண்டு வழி சொன்னார். உடைத்துப்போட்ட ஒரு பழைய பத்மினியின் கண்ணாடி அவரிடம் இருந்தது. கம்பெனி முத்திரையோடு, கீறல் குறைவாக. ஆனால் டஃபன்ட் கிளாஸ். இன்னொன்று, அளவு கொடுத்து வளைத்து வாங்கும் புது லாமினேட்டட் கிளாஸ். முத்திரை கிடையாது. எனக்கு முத்திரைதான் கண்ணில் நின்றது.

டஃபன்ட் கண்ணாடியைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துச் செய்கிறார்கள். உறுதியானதுதான். ஆனால் ஒரு கல் சரியான இடத்தில் பட்டால் மொத்தமும் ஒரே நொடியில் கற்கண்டாகிவிடும். கழுத்தை அறுக்காது, ஆனால் அந்த நொடியில் ரோடு தெரியாது. லாமினேட்டட் என்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம். விரிசல் விட்டாலும் இடத்தைவிட்டு நகராது. பெனெடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் ஆய்வகத்தில், உள்ளே செல்லுலோஸ் நைட்ரேட் படிந்திருந்த ஒரு குடுவை கீழே விழுந்து, உடைந்தும் சிதறாமல் இருந்ததாம். அதிலிருந்து பிறந்த யோசனை என்பார்கள். 1909-ல் காப்புரிமை வாங்கினார்.

“எது சார் போடட்டும்?” என்று பாய் கேட்டபோது, எனக்கு பி.காம். இன்ஷூரன்ஸ் பேப்பர் ஞாபகம் வந்தது. உங்கள் கார் நசுங்கினால் கிடைக்கும் பணத்துக்கு நீங்கள் இன்ஷூர் செய்யலாம், செய்யாமலும் போகலாம். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ‘தேர்ட் பார்ட்டி’ இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது. பாலிசியில் நான் ஒரு பார்ட்டி, கம்பெனி ஒரு பார்ட்டி. மூன்றாவது ஆள் கையெழுத்துப் போடவில்லை, பிரீமியம் கட்டவில்லை, யாரென்றே தெரியாது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துபோன அந்த மூன்றாவது ஆளை, இத்தனை வருஷம் கழித்து செங்கல்பட்டு தாண்டி நேரில் பார்த்தேன். பின்னால் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு சைக்கிளில் வந்தார்.

என் பாசத்தில் கிடைக்கும் சந்தோஷம் முழுக்க எனக்கு. நஷ்டத்தில் மட்டும் அவர் பார்ட்னர். இப்படி ஒரு பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் யாராவது கையெழுத்துப் போடுவாரா? கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் நடத்தும் கார் மியூசியத்தில் ஒரு வண்டி கீறல் விழுந்த கண்ணாடியோடு நிற்கலாம். நிற்பதுதான் அழகு. அதற்கு எதிரே யாரும் சைக்கிளில் வருவதில்லை.

‘அப்படிப் பார்த்தால் அந்தக் காரையே ஓட்டக் கூடாதே. ஏர்பேக் இல்லை, சீட் பெல்ட்கூட இல்லையே’ என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சீட் பெல்ட் இல்லாதது என் மண்டைக்கு ஆபத்து. அதை நானும் என் மனைவியும் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்கிறோம். பிரேக் அவருக்கு ஆபத்து; அதனால் நாலு டிரம்மையும் கழற்றிப் பார்க்கச் சொல்லிவிட்டேன். இப்போது ராத்திரியில் எடுப்பதில்லை. இதெல்லாம் போதுமா? சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாவியை எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டிவிடுகிறேன்.

லாமினேட்டட் வர மூன்று வாரம் ஆனது. பழைய ரப்பர் பீடிங் கருங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. பிளேடால் அறுத்து எடுத்தார்கள். அதுக்கடியில் துரு. பாயின் பையன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டே வந்தவன், “சார், இந்த வண்டி பச்சையா?” என்றான்.

எட்டிப் பார்த்தேன். வண்டி வெள்ளை. பீடிங் மறைத்திருந்த ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு இளம்பச்சை. அம்மாவுக்கு போன் போட்டேன். “ஆமா, பச்சைதான். கிளி மாதிரி இருக்குன்னு உங்கப்பாதான் வாங்கின மாசமே மாத்தினார்” என்றாள், இதிலென்ன அதிசயம் என்கிற குரலில். நான் ‘ஒரிஜினல்’ என்று கட்டிக்காத்த வெள்ளை, அப்பா மாற்றியது!

ரெட் ஆக்சைடு அடித்துக் காயவைத்தார்கள். புது பீடிங்கை முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் வெளிப் பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் செருகினார்கள். சோப்புத் தண்ணீர் தடவினார்கள். பையன் வெளியே நின்று உள்ளங்கையால் கண்ணாடியை அமுக்க, பாய் உள்ளே உட்கார்ந்து கயிற்றை மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். கயிறு வர வர ரப்பரின் உதடு தகரத்தின் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டே வந்தது. மூலை வந்ததும் நிறுத்தினார். “இங்க அவசரப்பட்டா போச்சு சார். மூணு வாரமும் போச்சு, காசும் போச்சு.” வெளியே இருக்கிறவன் எவ்வளவு அமுக்குகிறான் என்று உள்ளே இருக்கிறவருக்குக் கையில் தெரிய வேண்டுமாம். இருபது நிமிஷம், இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பழைய கண்ணாடியைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆயுத பூஜை அன்று அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். எத்தனையோ வருஷமாக அப்பா வைத்த அதே இடத்தில், ஸ்டீயரிங்குக்கு நேர் எதிரே, கண்ணாடியில் கையைக் கொண்டுபோனாள்.

“அங்க வேண்டாம்மா. ரோடு மறைக்கும்.”

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கையை நகர்த்தி, இடது ஓரத்தில் கீழாகச் சின்னதாக வைத்தாள்.