கேட்காமல் செய்த நன்மை

கெட்ட எண்ணத்துக்குக் காவல் போடுகிற நாம், நல்ல எண்ணத்தின் கையில் சாவியையே கொடுத்துவிடுகிறோம். அந்த நம்பிக்கையை அசைத்துப் பார்த்த படைப்பு, 1980 ஜனவரியில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘தி லேத் ஆஃப் ஹெவன்’. உர்சுலா லெ குவின் 1971-ல் எழுதிய நாவலை டேவிட் லாக்ஸ்டனும் ஃப்ரெட் பார்சிக்கும் படமாக்கினார்கள். உரிமைச் சிக்கலால் நெடுங்காலம் முடங்கிக் கிடந்து, 2000-ல் அது மீண்டும் ஒளிபரப்பானது.

போர்ட்லண்ட் நகரத்து ஜார்ஜ் ஓர் என்பவனின் கனவுகளில் சில பலித்துவிடும். அவன் கண்விழிக்கும்போது, உலகம் ஆதியிலிருந்தே அப்படித்தான் இருந்தது என்பதுபோல எல்லாம் மாறியிருக்கும். பயந்துபோனவன், கனவே வராமலிருக்க மாத்திரைகளை விழுங்கி மாட்டிக்கொள்கிறான். அவனை மன மருத்துவர் ஹேபரிடம் அனுப்புகிறார்கள்.

நாவலில் ஹேபரின் அறைச் சுவரில் மவுன்ட் ஹூட் மலையின் பெரிய புகைப்படம் இருக்கிறது. ஓரை மனவசியத்தில் ஆழ்த்தி, குதிரையைக் கனவு காணச் சொல்கிறார் ஹேபர். அவன் விழித்தபோது சுவரில் மலை இல்லை, குதிரை இருக்கிறது. அங்கு வந்துபோகிற யாரைக் கேட்டாலும் எப்போதும் குதிரைதான் இருந்தது என்பார்கள்.

படத்தில் பிரம்மாண்டம் கிடையாது. டல்லஸ் நகரத்துக் கண்ணாடி, கான்கிரீட் கட்டடங்களே எதிர்காலமாக நிற்கின்றன. அதனால் நம் கவனம் இரண்டு முகங்களிலேயே தங்குகிறது: ஓராக நடித்த புரூஸ் டேவிசனின் மிரட்சி, ஹேபராக நடித்த கெவின் கான்வேயின் உற்சாகம். ஹேபரிடம் வஞ்சகம் இல்லை. உலகத்தின் துயரைத் தீர்க்கவே அவர் துடிக்கிறார். ஜனநெருக்கடி தீர வேண்டும் என்கிறார். ஓரின் கனவில் கொள்ளைநோய் வந்து மக்களில் பெரும்பகுதியைக் கொண்டுபோகிறது. மனிதனோடு மனிதன் போரிடக் கூடாது என்கிறார். வேற்றுக்கிரகவாசிகள் நிலவில் வந்து இறங்குகிறார்கள். நிறவெறி ஒழிய வேண்டும் என்கிறார். எல்லா மனிதரும் சாம்பல் நிறமாகிறார்கள்.

நாவலில் ஜார்ஜ் ஓர் அந்தச் சாம்பல் உலகத்தில் ஹெதரைத் தேடுகிறான். அவனுக்காக வாதாட வந்த வழக்கறிஞர் அவள். அவன் மனதுக்கு நெருங்கியவள். வெள்ளைக்காரத் தாய்க்கும் கறுப்பினத் தந்தைக்கும் பிறந்த பழுப்பு நிறத்துப் பெண். அவளுடைய கோபமும் துணிச்சலும் அந்தப் பிறப்போடு சேர்ந்தே வளர்ந்தவை. நிறமே இல்லாத உலகத்தில் அவள் பிறந்திருக்கவே முடியாது. வெறியைத் துடைத்த கை, வெறியால் காயப்பட்டவளையும் சேர்த்தே துடைத்துவிட்டது.

அதைவிட என்னை உலுக்குவது இன்னொன்று. அந்த உலகத்தில் யாரும் குறை சொல்வதில்லை. ஓரையும் ஹேபரையும் தவிர, பழைய நிறங்கள் எவர் நினைவிலும் இல்லை; இழந்தோம் என்று அறியாதவர் எப்படி முறையிடுவார்? ஹேபர் அந்த மௌனத்தைத் தன் வெற்றியாக எடுத்துக்கொள்கிறார். ஊரைப் பெயர்த்துத் திட்டம் தீட்டுகிறவர்களும், பிள்ளையின் வாழ்க்கையைத் தாமே வரைந்து முடிக்கிற பெற்றோரும் இதே மௌனத்தைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். எதிர்ப்பு இல்லை என்பது சம்மதம் ஆகாது. எதிர்த்திருக்கக்கூடிய மனிதர் மாற்றத்திலேயே கரைந்துபோயிருக்கலாம்.

ஒருவருக்கு நன்மை செய்து முடித்த பிறகும், அவர் அவராகவே நின்று “இது எனக்கு வேண்டாம்” என்று சொல்ல முடிய வேண்டும். அதற்கு இடம் வைக்காத நன்மை, எத்தனை கருணையோடு பிறந்திருந்தாலும், அவரை அழித்துவிட்டு அவர் பெயரில் நடத்தும் ஆட்சிதான்.