உண்ட கணக்கைக் கேட்கும் செவி

கோசல நாட்டு அரசன் பசேனதிக்குச் சாப்பாட்டில் அளவு தெரியாது. ஒருநாள் வயிறு முட்ட உண்டுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே புத்தரைப் பார்க்க வந்தான். அளவறிந்து உண்பவனுக்கு உடல் நோவு குறையும், மூப்பும் மெல்லத்தான் வரும் என்ற பொருளில் புத்தர் ஒரு செய்யுள் சொன்னார். அரசன் உடனே தன் பின்னால் நின்ற சுதஸ்ஸனன் என்ற இளைஞனை அழைத்தான். அந்தச் செய்யுளை மனப்பாடம் செய்துகொண்டு, தான் உண்ண உட்காரும்போதெல்லாம் காதில் விழும்படி சொல்லவேண்டும் என்று கட்டளையிட்டான். அதற்குக் கூலி நாளொன்றுக்கு 100 கஹாபணம். அரசனின் உணவு படிப்படியாகக் குறைந்து ஒரு நாழிச் சோற்றில் வந்து நின்றது என்கிறது பௌத்த நூலான சம்யுத்த நிகாயம்.

அறிவுரை புத்தருடையது, உடல் அரசனுடையது. இரண்டுக்கும் நடுவில் நின்று வேளை தவறாமல் நினைவூட்டியவன் சுதஸ்ஸனன். அரசன் எத்தனை பிடி சோறு உண்டான், எந்த நாளில் வாக்குத் தவறினான் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரிந்திருக்கும். பசேனதியோடு போரிட்டவன் மகதத்து அஜாதசத்து. அவனிடமிருந்தும் சுதஸ்ஸனன் கூலி வாங்கியிருந்தால் இந்தக் கதையின் அறம் என்ன ஆகியிருக்கும்?

சுதஸ்ஸனனின் வேலையை இன்று கைபேசிச் செயலிகள் செய்கின்றன. காலையில் தின்ற இட்லி, குடித்த தண்ணீர், உறங்கிய நேரம், ஏறி இறங்கிய எடை எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்கின்றன. இதற்கு மாற்றாக, அந்தக் கணக்கை ஒரு நிறுவனத்தின் கிடங்குக்கு அனுப்பாமல் தன் வீட்டுச் சர்வரிலேயே வைத்துக்கொள்ளும் செயலிகளைச் சிலர் எழுதுகிறார்கள், அவற்றைப் பராமரிக்கவும் செய்கிறார்கள். பார்வைக்கு இது கணினிக்காரர்களின் விவகாரம். உள்ளே இருப்பது சமயங்கள் வெகுகாலமாக முட்டி மோதிய கேள்வி. தன்னைத் தானே விசாரித்துக்கொள்பவன் யார் முன்னிலையில் விசாரித்துக்கொள்வது?

சமணத் துறவியரின் ஆறு புறத்தவங்களில் ஒன்று, வயிறு நிரம்புமுன் கையை எடுத்துவிடுவது. ஓர் ஆணின் முழு உணவு 32 கவளம் என்று வகுத்துக்கொண்டு, அதிலிருந்து கவளம் கவளமாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். கிறித்தவத்தில் புனித இஞ்ஞாசியார் இன்னும் ஒரு படி மேலே போய் வரைபடமே போட்டுக் கொடுத்தார். 1548-இல் அச்சான ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் கோடுகள் இருக்கின்றன. விட்டொழிக்க நினைக்கும் ஒரு குறையில் விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் கோட்டின்மேல் ஒரு புள்ளி. மதிய உணவுக்குப் பின் ஒரு முறை, இரவு ஒரு முறை எண்ணிப் பார்க்கவேண்டும். பிறகு நேற்றோடு இன்றையும், போன வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிடவேண்டும். உண்பதை ஒழுங்குபடுத்திக்கொள்ள எட்டு விதிகளும் அதே நூலில் உண்டு. பின்னாளில் அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 13 நற்பண்புகளைப் பட்டியலிட்டு, சிறு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டுக் கறுப்புப் புள்ளி வைத்துவந்தார். அந்தப் பட்டியலில் முதலிடம் உண்பதிலும் குடிப்பதிலும் மிதத்துக்கு.

இந்தப் பழைய ஏடுகளில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. ஒருவன் தன் நேற்றோடு மட்டும்தான் போட்டி போட்டான். அடுத்தவன் எத்தனை புள்ளி வைத்தான் என்று இஞ்ஞாசியாரின் கோடு சொல்லாது. தொடர்ந்து எத்தனை நாள் குறித்தாய் என்று பாராட்டிப் பதக்கமும் கொடுக்காது.

உடலை எண்ணாக்கும் வேலையைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் இத்தாலிய மருத்துவர் சான்டோரியோ. துலாக்கோலில் தொங்கும் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே போன உணவையும் வெளியேறிய கழிவையும் நிறுத்தார். எட்டு பவுண்டு உணவும் நீரும் உட்கொண்டால் ஐந்து பவுண்டு கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிப் போகிறது என்று 1614-இல் எழுதினார். 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்கர், கிராமுக்குப் புரதம் 4, கொழுப்பு 9, மாவுச்சத்து 4 கலோரி என்ற சராசரிகளை நிலைநாட்டினார். இன்றைய செயலிகளின் கூட்டல் கழித்தல் பெரும்பாலும் அந்தச் சராசரிகளின்மேல்தான் நிற்கிறது.

அந்த எண்களும் நாம் நம்புகிற அளவுக்கு உறுதியானவை அல்ல. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் 2012-இல் பாதாமைச் சோதித்தார்கள். 28 கிராம் பாதாமில் சுமார் 170 கலோரி என்று அட்டவணை சொல்ல, மனித உடலுக்கு உண்மையில் கிடைத்தது சுமார் 129 கலோரிதான். முழுப் பருப்பின் செல்சுவருக்குள் சிக்கிய கொழுப்பில் ஒரு பங்கு செரிக்காமலே போய்விடுகிறது. திரையில் 1,847 என்று கடைசி இலக்கம்வரை காட்டும் ஒரு செயலி, தனக்குத் தெரியாததையும் தெரிந்ததுபோலச் சொல்கிறது. தன்னையறிதலின் கருவி செய்யக்கூடாத முதல் பிழை இதுதான் என்று தோன்றுகிறது.

கணக்கைக் கேட்கும் செவியைப் பற்றி மிகக் கடுமையாக யோசித்தது கத்தோலிக்கத் திருச்சபை. ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. அதே விதியில் கேட்பவருக்கும் ஒரு கட்டு போட்டது. கேட்டதை வெளியே சொல்லும் குருவானவரைப் பதவியிலிருந்து இறக்கி, கடுமையான மடம் ஒன்றில் ஆயுள் முழுதும் தவம் செய்ய அனுப்பவேண்டும். சொல்லும் கடமையும் மறைக்கும் கடமையும் ஒன்றாகவே பிறந்தன. கேட்பவன் வாய் திறக்கக்கூடும் என்ற ஐயம் வந்துவிட்டால் சொல்பவன் உண்மையைச் சொல்லமாட்டான் என்பது அந்தச் சங்கத்துக்குத் தெரிந்திருந்தது.

வணிகச் செயலிகளில் சொல்லும் கடமை மட்டும் மிஞ்சியிருக்கிறது. 2005-இல் தொடங்கிய மைஃபிட்னஸ்பால் செயலியை 2015-இல் விளையாட்டு உடை நிறுவனமான அண்டர் ஆர்மர் 475 மில்லியன் டாலருக்கு வாங்கியது. 2018-இல் சுமார் 15 கோடிக் கணக்குகளின் பயனர்பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் உருமாற்றிச் சேமித்த கடவுச்சொற்களும் திருடுபோயின. 2020-இல் செயலி 345 மில்லியன் டாலருக்கு மீண்டும் கைமாறியது. தாம் உண்ட கணக்கை அதில் எழுதிவந்த கோடிக்கணக்கானோர் இந்த விற்பனைகளில் எந்த மேசையிலும் உட்காரவில்லை. ஃப்ளோ என்ற மாதவிடாய்க் கணக்குச் செயலியின் வழக்கு இதைவிடக் கசப்பானது. அந்தரங்கம் காப்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பெண்களின் உடல்நலத் தகவல்களை ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றின் பகுப்பாய்வுப் பிரிவுகளோடு பகிர்ந்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2021-இல் அந்த நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

வீட்டுச் சர்வர் இயக்கம் இங்கேதான் பொருள் பெறுகிறது. ‘டபிள்யூ-ஜி-ஈ-ஆர்’ என்ற நான்கு எழுத்துப் பெயர் கொண்ட செயலி ஓர் எடுத்துக்காட்டு. உடற்பயிற்சி, உணவு, எடை மூன்றையும் குறித்துவைக்கும் இதைப் பைத்தான் மொழியில், ஜாங்கோ சட்டகத்தில் எழுதியிருக்கிறார்கள். டாக்கர் என்ற நிறுவல் கருவி தெரிந்த ஒருவர் தன் வீட்டில் இருக்கும் பழைய கணினியிலேயே இதை நிறுவிக்கொள்ளலாம். இதன் உரிமம் ஏஜிபிஎல். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2007-இல் வெளியிட்ட அந்த உரிமத்தின் மூன்றாம் பதிப்பு சொல்வது இது: நிரலை மாற்றி இணையம் வழியே பிறருக்குச் சேவையாகக் கொடுத்தால், அந்த மாற்றிய பதிப்பின் மூல நிரலையும் அவர்களுக்குக் கொடுக்கவேண்டும். நம்மை விசாரிப்பவனை நாமும் விசாரிக்கலாம் என்று ஒரு சட்ட ஆவணம் உறுதி தருகிறது.

இந்த உரிமைக்கு உழைப்பைத்தான் விலையாகக் கொடுக்கவேண்டும். எழுதி வெளியிடுவது ஒரு பங்கு, ஆதரவு தருவது பல பங்கு. புதிய பதிப்பில் தரவுத்தளத்தின் அமைப்பு மாறினால், யாரோ ஒருவருடைய பல ஆண்டு எடைக் குறிப்புகள் சிதையாமல் மாறவேண்டும். பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் இரவோடு இரவாக அடைக்கவேண்டும். பேக்கப் எடுக்காத ஒருவரின் வன்தட்டு இறந்துபோனால், முன்பின் தெரியாத அவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லவேண்டும். இப்படிப்பட்ட செயலிகள் பலவற்றில் இந்த வேலையைச் செய்வது, சம்பள வேலை முடிந்து வீடு திரும்பிய ஓரிருவர்தான். பலன் எதிர்பாராச் செயல் என்று மேடைகளில் பேசப்படுவதன் நடைமுறை வடிவம் எங்கே என்று கேட்டால், இவர்களைத் தயங்காமல் காட்டலாம். பயனரும் தன் பங்குக்குக் கைகொடுக்காமல், பிழை என்றால் மட்டும் குரல் உயர்த்துவது அநியாயம்.

உணவுத் தரவின் கதை தனி. கடைப் பொட்டலங்களின் விவரங்களுக்கு டபிள்யூ-ஜி-ஈ-ஆர் செயலி ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் என்ற பொதுக் களஞ்சியத்தை நம்பியிருக்கிறது. 2012-இல் பிரான்சில் தொடங்கிய அந்த முயற்சியில் தன்னார்வலர்கள் உறைகளைப் படம் பிடித்து, பட்டைக்கோட்டோடு சேர்த்து ஏற்றுகிறார்கள். போற்றவேண்டிய வேலை. ஆனால் பட்டைக்கோடு இல்லாத உணவு அந்த உலகத்தில் எளிதில் நுழையாது. பிஸ்கட்டைக் கணக்கு வைக்க ஒரு நொடி போதும். வீட்டில் வைத்த கீரைக் கூட்டுக்குப் பருப்பு எத்தனை கிராம், தேங்காய் எத்தனை கிராம் என்று தனித்தனியாக நிறுத்துப் போடவேண்டும். சோம்பல் வந்த நாளில் கை எதை நாடும் என்பதை இந்த வேறுபாடே ஓரளவு தீர்மானித்துவிடுகிறது.

இந்திய உணவுக்கு நல்ல அடித்தளம் இல்லாமல் இல்லை. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருள்களின் பகுப்பாய்வு இருக்கிறது. அந்த நிறுவனத்தின் வேர் நீலகிரியில், குன்னூரில். ராபர்ட் மெக்காரிசன் 1918-இல் அங்கே ஓர் அறையில் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். 1958-இல்தான் அது ஹைதராபாத்துக்குப் போனது. அந்த அட்டவணையின் கவனம் அரிசி, பருப்பு, கீரை போன்ற மூலப் பொருள்கள்மேல். அங்கிருந்து சமைத்த சாம்பாருக்கு வந்து சேர, வீட்டுக்கு வீடு மாறும் கைப்பக்குவத்தைத் தாண்டவேண்டும்.

எண்ணுவதே சிலருக்கு நோயாகவும் ஆகும். உண்ணல் கோளாறு உள்ளதாகக் கண்டறியப்பட்ட 105 பேரிடம் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்து 2017-இல் வெளியானது. அவர்களில் ஏறத்தாழ 75 சதவீதத்தினர் கலோரிக் கணக்குச் செயலியைப் பயன்படுத்தியிருந்தார்கள். அப்படிப் பயன்படுத்தியவர்களில் 73 சதவீதத்தினர், தங்கள் நோயில் அதற்கும் கொஞ்சமாவது பங்கு உண்டு என்றார்கள். காரண காரியத்தை இது நிறுவிவிடாது. இருந்தாலும் கணக்கு எழுதும் கருவியைச் செய்பவரின் மனச்சாட்சியை உலுக்கப் போதுமானது. சர்வரைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தாலும், அளவு மீறியதைக் காட்டும் சிவப்பு எண் சிவப்பு எண்தான். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் உண்பதைப் பற்றி மட்டும் ஆறு குறள்கள் உண்டு. அவற்றில் எந்த அளவுக்கும் எண் கிடையாது. முன்பு உண்டது செரித்ததா, இப்போது பசிக்கிறதா என்று உடலைத்தான் கேட்கச் சொல்கிறார் வள்ளுவர். ஏட்டில் எழுதுவது அந்தக் கேள்விக்குத் துணையாக இருக்கும்வரை சரி. அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டால் ஏட்டை மூடிவைக்கலாம்.

இதைவிட நுட்பமான சிக்கல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சர்வரை நிறுவியவர் யார்? பெரும்பாலும் குடும்பத்தில் கணினி தெரிந்த ஒருவர், கணவரோ மகனோ. பொதுவாக இப்படிப்பட்ட செயலிகளில் தரவுத்தளத்தின் சாவி அவரிடம்தான். மனைவியின் எடையை, அம்மாவின் சர்க்கரை அளவை, நடுராத்திரியில் தங்கை தின்ற இனிப்பை அவர் நினைத்தால் பார்க்கலாம். கேட்கும் செவி கலிபோர்னியாவிலிருந்து கூடத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முகம் தெரியாத நிறுவனத்துக்குத் தெரிவதைவிட மாமியாருக்கோ கணவருக்கோ தெரிவது சிலருக்குப் பெரிய துன்பம். சட்டமும் இங்கே துணைக்கு வராது. தனிப்பட்ட அல்லது வீட்டு உபயோகத்துக்காகத் தனிநபர் கையாளும் தகவலை ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் வரம்புக்குள் கொண்டுவருவதில்லை. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அப்படியே.

ரோம் நகரத்துத் தத்துவ ஞானி செனகா தன் இரவு விசாரணையை விவரிக்கும் இடத்தில் மனைவியையும் குறிப்பிடுகிறார். விளக்கை எடுத்துப் போன பிறகு, தன் வழக்கம் அறிந்த அவள் பேச்சை நிறுத்திக்கொள்வாள், தான் அன்றைய நாள் முழுவதையும் புரட்டிப் பார்ப்பேன் என்கிறார். ஒரே அறையில் இருந்தும் அந்தக் கணக்குக்குள் அவள் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டில் சர்வர் வைத்திருப்பவருக்கு இந்த ஒழுக்கம்தான் தேவைப்படுகிறது. ஒழுக்கத்தை மட்டும் நம்பி விட்டுவிடக்கூடாது என்பதால் நிரலாளருக்கும் இதில் கடமை உண்டு.

அந்தக் கடமைகள் மிகத் தெளிவானவை. ஒவ்வொருவரின் குறிப்பும் அவரவர் கடவுச்சொல்லால் மட்டும் திறக்கும் தனிச் சாவியால் பூட்டப்பட்டு, நிர்வாகி திறந்தாலும் வாசிக்க முடியாதபடி இருக்கவேண்டும். அப்படிச் செய்தால் கடவுச்சொல்லை மறந்தவரின் ஏட்டை யாராலும் மீட்க முடியாது. அந்த இழப்பை நிறுவும் முன்பே பயனருக்குச் சொல்லிவிடவேண்டும். எடையையும் கலோரியையும் காட்டாமல், உண்டது என்ன, பசி இருந்ததா என்று மட்டும் குறித்துக்கொள்ள ஒரு வழி இருக்கவேண்டும். தொடர்ச்சி விட்டுப்போனால் உறுத்தும் அறிவிப்பு தானாக வரக்கூடாது, வேண்டும் என்பவர் இயக்கிக்கொள்ளட்டும். முழு ஏட்டையும் எளிய கோப்பாக எடுத்துக்கொண்டு போகவும், பேக்கப்பில் மிச்சம் இல்லாமல் அழிக்கவும் ஒரே பொத்தான் போதும்படி செய்யவேண்டும். இதில் கடைசி வேலை பலரும் நினைப்பதைவிடக் கடினம். பழைய பேக்கப் கோப்புகள் வெவ்வேறு தட்டுகளில் கிடக்கும், ஒருவருடைய குறிப்பை மட்டும் அவற்றிலிருந்து பிரித்தெடுப்பது லேசில் நடக்காது. ஆளுக்கொரு சாவி இருந்து, அது பேக்கப்பில் சேராமல் தனியே வைக்கப்பட்டிருந்தால், அந்தச் சாவியை அழித்தாலே பழைய பிரதிகள் எல்லாம் வாசிக்க முடியாதவை ஆகிவிடும்.