ஏடு எவர் கையில்?

வெள்ளி என்கிறார்கள், பொன் என்கிறார்கள், பிளாட்டினம் என்கிறார்கள், டைட்டானியம் என்கிறார்கள். நகைக்கடைப் பேச்சல்ல தோழர்களே! மனிதர்க்குச் சூட்டப்படும் பட்டங்கள் இவை. மாரியட் என்னும் அமெரிக்க விடுதி நிறுவனத்தின் அறைகளில் ஓராண்டில் 10 இரவு தங்கினால் வெள்ளி. 25 இரவு தங்கினால் பொன். 50 என்றால் பிளாட்டினம். 75 என்றால் டைட்டானியம். ஆண்டு திரும்பினால் எண்ணிக்கை மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். நேற்றுப் பொன்னாய் மின்னியவர், இரவுகள் குறைந்தால் இறங்க வேண்டியதுதான். பிறப்பை எண்ணி உயர்வு தாழ்வு கற்பிப்பது மடமை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். படுக்கையை எண்ணி உயர்வு தாழ்வு கற்பிக்கும் இந்தப் புதுமை நமக்கு வேடிக்கையாகத்தான் தோன்றும்.

வேடிக்கை பார்த்துவிட்டு நகர்ந்துவிட என்னால் இயலவில்லை. காரணம், கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்த நண்பன். நான் கரும்பலகையின் முன் நிற்கிறேன். அவன் இயந்திரம் விற்கும் நிறுவனமொன்றுக்காக மாதத்தில் பாதி நாள் வானத்தில் பறக்கிறான். சென்ற பொங்கல் விடுமுறையில் என் வீட்டுக்கு வந்தவன், கைப்பேசியை எடுத்துப் பெருமையோடு காட்டினான். நான்கு விமான நிறுவனங்கள், மூன்று விடுதி நிறுவனங்கள். அத்தனையிலும் அவனுக்கு எத்தனை புள்ளி, எந்தப் பட்டம், எந்த நாளில் எது காலாவதி என்பதெல்லாம் ஒரே செயலியில் வரிசையாக நின்றன.

"இவ்வளவும் ஒரே இடத்தில் எப்படி வந்தது?" என்று கேட்டேன்.

"ஏழு கணக்கின் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டேன். அதுவே உள்ளே போய் எடுத்து வருகிறது."

"யாரிடம் கொடுத்தாய்?"

அவனுக்குத் தெரியவில்லை. எந்த நாட்டு நிறுவனம், எவர் நடத்துகிறார், எங்கே சேமித்து வைக்கிறார், எதுவும் தெரியவில்லை. "வாத்தியார் புத்தி போகாதே உனக்கு!" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் என்னை எழுத வைத்தது.

இந்தப் பட்ட வாணிகத்தின் பிறப்பை எண்ணிப் பாருங்கள். 1978இல் அமெரிக்க அரசு விமானக் கட்டணத்தின் மீதிருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. போட்டி பெருகிற்று. அடிக்கடி பறப்பவனைப் பிடித்து வைத்துக்கொள்ள 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் திட்டத்தைத் தொடங்கியது. அடிக்கடி பறப்பவன் எவன் என்று எப்படிக் கண்டார்கள்? பயணப் பதிவுக் கணிப்பொறியில் திரும்பத் திரும்ப வந்த தொலைபேசி எண்களைப் பொறுக்கி எடுத்தார்கள்! பரிசு பிறகு வந்தது. கவனிப்பு முன்னே வந்தது. இதை நம்மில் பலர் தலைகீழாக எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஏடு வளர்ந்தது. எவ்வளவு வளர்ந்தது என்றால், 2020இல் பெருந்தொற்றால் வானம் வெறிச்சோடியபோது, யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் உறுப்பினர் திட்டத்தையே ஈடாகக் காட்டி 600 கோடி டாலருக்கு மேல் கடன் திரட்டியது. எவரெவர் எங்கெங்கே பறந்தார் என்ற பதிவின் மீது எழுந்த திட்டம், அடகுக்கு ஏற்ற பொருளாயிற்று. பயணி அதற்குக் கையொப்பமிட்டானா? எவரும் அவனைக் கேட்கவில்லை.

"இருக்கட்டுமே! நேர்மையாய் வாழ்பவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்பர் சிலர். அறிவாளிகளும் கேட்கும் கேள்வி இது. ஆகவே விடை சொல்லியாக வேண்டும். வாக்குச்சாவடியில் மறைப்பு ஏன் வைத்தோம்? வாக்களிப்பவன் திருடன் என்பதற்காகவா? அவன் எவருக்கும் அஞ்சாமல் தன் எண்ணப்படி நடக்க வேண்டும் என்பதற்காக. விடுதிப் பதிவு என்பது என்ன? எந்த இரவில் எந்த ஊரில் உறங்கினான், எத்தனை நாள் தங்கினான், எத்தனை பேரோடு தங்கினான் என்பதன் வரலாறு. மருத்துவமனை இருக்கும் ஊருக்கு மாதந்தோறும் போகிறவனின் நோயை அது சொல்லும். வேறு வேலை தேடி நேர்முகத்துக்குப் போனவனை அவன் முதலாளிக்குக் காட்டிக்கொடுக்கும். பெற்றோர் ஒப்பாத காதலில் இணைந்து ஊரைவிட்டு ஓடி வந்த இளம் தம்பதிக்கு அந்த ஒரு வரி உயிர் பற்றிய செய்தி. குற்றம் எங்கே இதில்? 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள்.

பெரிய நிறுவனம் பத்திரமாகக் காக்கும் என்ற நம்பிக்கையும் நெடுநாள் நிற்கவில்லை. மாரியட் வாங்கிய ஸ்டார்வுட் விடுதிகளின் பதிவேட்டுக்குள் 2014இலேயே திருடர் புகுந்திருந்தனர். 2018இல்தான் அது வெளியாயிற்று. நான்கு ஆண்டு! குறியீட்டுப் பூட்டு ஏதுமின்றிக் கிடந்த கடவுச்சீட்டு எண்கள் மட்டுமே 50 லட்சத்துக்கு மேல். 2021இல் ஏர் இந்தியாவின் பயணிகள் 45 லட்சம் பேரின் விவரங்கள் வெளியேறின. ஏர் இந்தியாவின் பதிவை வைத்திருந்த வேறொரு நிறுவனத்தின் கணிப்பொறியில் நடந்த திருட்டு அது. அடிக்கடி பறப்போர் கணக்கு விவரமும் அதில் அடங்கும்.

முதல் கையிலேயே இந்த நிலை என்றால், முகம் தெரியாத மூன்றாம் கைக்கு ஏழு சாவியையும் ஒருசேர நீட்டியவனை என்னென்பது! 2022 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்சும், புள்ளிகளைத் திரட்டிக் காட்டும் 'தி பாயிண்ட்ஸ் கை' செயலியை நடத்தியவர்களும் ஒருவர்மீது ஒருவர் வழக்குத் தொடுத்தார்கள். அனுமதியின்றி எங்கள் கணிப்பொறிக்குள் புகுந்தாய் என்றது விமான நிறுவனம். பயணி தன் விவரத்தைத் தான் காண விரும்பினால் நீ யார் தடுக்க என்றது எதிர்த்தரப்பு. இரண்டிலும் ஒரு நியாயம் உண்டு. இரண்டிலும் ஒரு வாணிகமும் உண்டு.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடன் வாங்கியவன் கைநாட்டு வைப்பான்; ஏடு கொடுத்தவன் வீட்டுப் பரணில் இருக்கும். பத்து நூறாகும், நூறு நிலமாகும். கேட்டால், "ஏட்டில் இருக்கிறது பார்" என்பார்கள். அவனுக்கு எழுத்துத் தெரியாது. பார்த்து என் செய்வான்? அவன் ஏமாந்ததற்குக் காரணம் இருந்தது. பட்டம் பெற்ற என் நண்பனுக்கு என்ன காரணம் இருக்கிறது?

நாமே கணக்கெழுதினால் அது செல்லுமா என்று கேட்கலாம். செல்லாது, உண்மையை மறைப்பானேன். நார்த்வெஸ்ட் விமான நிறுவனம் 2008இல் மினசோட்டாவைச் சேர்ந்த யூத குரு ஒருவரின் பிளாட்டினம் பட்டத்தைப் பறித்தது. அடிக்கடி குறை கூறினார் என்பது காரணம். நல்லெண்ணத்தோடு நடக்கும் கடமை உனக்கில்லையா என்று அவர் வழக்காடினார். 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் வழக்கைத் தள்ளியது. 1978ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழக்குக்கு இடந்தரவில்லை என்றது. தந்தவனே பறிக்கலாம்! அந்தப் பட்டத்தின் நிலை அவ்வளவுதான். என்றாலும் "வந்திருக்க வேண்டியது இவ்வளவு, வந்தது இவ்வளவு" என்று நாளோடு ஊரோடு எடுத்துக் காட்டுபவனும், வெறுங்கையோடு முறையிடுபவனும் ஒன்றல்லர்.

அன்று மாலையே கடைத்தெருவுக்குப் போய் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்தேன். கணிப்பொறியில் எழுத விரும்புவோர் எழுதலாம். பிறர் கிடங்குக்கு அனுப்பாமல் தன் பொறியிலேயே வைத்திருந்தால் போதும். நாள், ஊர், வரவேண்டிய புள்ளி, வந்த புள்ளி, காலாவதி நாள், செலவு: ஆறு பத்தி போட்டேன். கடவுச்சொல்லும் அட்டை எண்ணும் கடவுச்சீட்டு எண்ணும் அதில் ஏறவே கூடாது. பிறகு, செயலியிலிருந்த கணக்கை நீக்கி, ஏழு கடவுச்சொற்களையும் மாற்ற வைத்தேன். ஏழுக்கும் ஒன்றே வைத்திருந்தான், பாவி! விமானத்தில் ஏறும் சீட்டைப் படமெடுத்து ஊருக்குக் காட்டும் பழக்கமும் அவனுக்கு இருந்தது. அந்தச் சீட்டின் கோட்டுக் குறியீட்டில் பெயரும் பதிவு எண்ணும் உறுப்பினர் எண்ணும் ஒளிந்திருக்கின்றன என்றதும் முகம் சுருங்கிற்று. பழைய படங்களைத் தேடித்தேடி அழித்தான்.

நிறுவனங்கள் அனுப்பிய மாதக் குறிப்புகளைப் பார்த்து, சென்ற ஆண்டின் பயணங்களை அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரண்டு இடத்தில் புள்ளி விடுபட்டிருந்தது. அந்தச் செயலி அதைச் சொல்லவில்லை. நிறுவனம் எழுதியதைத்தானே அது திருப்பிச் சொல்லும்! டிசம்பருக்கு வந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டில்லிக்குப் போயிருக்கிறான். அன்று மாலையே திரும்பியிருக்கிறான்.

"அங்கே என்ன வேலை?" என்றேன்.

"வேலை ஒன்றுமில்லை. பட்டம் போகாமலிருக்க ஒரு பயணம் குறைந்தது. விமான நிலையத்தில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்."

செலவுப் பத்தியை நிரப்ப வேண்டுமே! தொகையைக் கேட்டேன். சொன்னான். என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி அது. நான் எழுதியதை எட்டிப் பார்த்தவன், நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பேனாவை வாங்கி, அந்த வரியை அடிக்கப் போனவன் போல் முனையை வைத்தான். அடிக்கவில்லை. அன்று அவன் மகளுக்குப் பிறந்தநாள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

பறப்பதை அவன் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல நான் யார், அது அவன் பிழைப்பு. நோட்டில் தானே எழுதுகிறான் என்று கடிதத்தில் தெரிவித்தான். இந்த ஆண்டின் டிசம்பர் இன்னும் வரவில்லை.