இடிந்ததும் இடித்ததும்

இடிந்தது, இடித்தது. தமிழில் இரண்டுக்கும் ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். அழிந்தது - அழித்தது, சிதைந்தது - சிதைத்தது, உடைந்தது - உடைத்தது எல்லாம் இதே கதிதான். 'ந்' இருக்கும்வரை காரியம் தானாக நடந்த மாதிரி இருக்கிறது. 'த்' வந்தவுடன் செய்தவன் ஒருவனும் கூடவே வந்துவிடுகிறான். தன்வினை, பிறவினை என்று இலக்கணம் பெயர் வைத்து முடித்துக்கொண்டது. எனக்கு இது இலக்கண விஷயமாக மட்டும் படவில்லை. பாழடைந்த கட்டிடங்களின் முன் நின்று நாம் அடைகிற அழகனுபவம், செய்தவனை மறந்தால்தான் சாத்தியமாகிறதா? மறக்காமலும் சாத்தியம் என்றால் அது என்ன தினுசான அனுபவம்?

இந்தக் கேள்வியைக் கேட்கத் தோதான இடம் டின்டர்ன் மடம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் எல்லையாக ஓடும் வை நதியின் கரையில், வேல்ஸ் பக்கம் இருக்கிறது. சிஸ்டர்ஸியன் துறவிகளுக்காக 1131இல் நிறுவப்பட்டது. இன்று நிற்கும் கோயில் 1269இல் தொடங்கிப் புதிதாகக் கட்டியது. ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்தவர்களுக்கு இந்தப் பெயர் வேர்ட்ஸ்வொர்த்தின் உபயத்தில் பரிச்சயம். பிரிஸ்டலில் என் தமக்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம் ஒரு நாள் பகல் முழுக்க அங்கே இருந்தேன். கூரை இல்லை. சுவர்கள் பெரும்பாலும் முழு உயரத்துக்கு நிற்கின்றன. தரை பூராவும் ஒட்ட வெட்டிய புல். பெரிய சாளரங்களில் கண்ணாடி போய்க் கல் சட்டங்கள் மட்டும் மிஞ்சியிருக்க, அவற்றினூடே வானமும் மரமடர்ந்த குன்றும் தெரிகின்றன. அழகுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், காலம் எதைத்தான் விட்டுவைக்கிறது என்ற பொருள்படத் தம் பெண்ணிடம் ஏதோ சொன்னார். அங்கே வருகிற யாரும் சொல்லக்கூடியதுதான்.

ஆனால் டின்டர்ன் விஷயத்தில் காலம் நிரபராதி. ஆண்டு வருமானம் 200 பவுனுக்குக் குறைந்த மடங்களை மூடுவதற்கு எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1536இல் சட்டம் வந்தது. அதற்கு முந்தின வருஷத்துக் கணக்கெடுப்பில் டின்டர்னின் நிகர வருமானம் 192 பவுன் சொச்சம். அந்த எட்டு பவுன் கூட இருந்திருந்தாலும் சில வருஷங்கள்தான் கிடைத்திருக்கும். 1540க்குள் பெரிய மடங்களும் மூடப்பட்டுவிட்டன. 1536 செப்டம்பரில் மடம் அரசன் வசமாயிற்று. பிறகு நிலம் ஒரு பிரபுவின் கைக்குப் போயிற்று. கூரையில் வேய்ந்திருந்த ஈயத்தை விலைக்காக உரித்தார்கள். ஈயம் போன கூரை எத்தனை மழைக்குத் தாங்கும்? அதற்குப் பிறகுதான் காலம் வருகிறது, எடுபிடியாக. நான் வங்கியில் பேரேட்டோடு மாரடிக்கிறவன். எந்தக் கணக்கிலும் பணம் தானாகக் குறைவதில்லை. பற்று என்று ஒன்று விழுந்திருந்தால் எங்கேயோ ஒரு கையெழுத்து இருந்தாக வேண்டும். காலத்தின் மேல் பழி போடுவதில் உள்ள சௌகரியம், அதனிடம் கையெழுத்து கேட்க முடியாது என்பதே.

சித்திரம் எழுதத் தகுந்த காட்சியே அழகு என்ற ரசனையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார். 1770இல் வை நதியில் படகில் வந்தார். பயண நூல் 1782இல் வெளியாயிற்று. டின்டர்னின் முகட்டுச் சுவர்கள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருந்து அவர் கண்ணை உறுத்தின. பக்குவமாக ஒரு சுத்தியலை உபயோகித்தால் காட்சி மேம்படும் என்று எழுதினார். அதற்கு யாருக்குத் துணிச்சல் வரும் என்றும் சேர்த்துக்கொண்டார். இதை அவரது விளையாட்டு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. செய்தவனை மறந்த அழகனுபவம் மறந்ததோடு நிற்பதில்லை. அவன் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர ஆசைப்படுகிறது.

அதே நூலில் இன்னொரு பகுதி இருக்கிறது. மடத்தின் இடிபாடுகளுக்குள் குடிசைகள் போட்டுக்கொண்டு ஏழைகள் வசித்தார்கள், பிச்சைதான் பிழைப்பு. அவர்களில் ஒரு கிழவி, கைகால் நடுக்கத்தோடு இரண்டு கோல்களை ஊன்றி நடப்பவள், துறவிகளின் நூலகத்தைக் காட்டுகிறேன் என்று கில்பினின் குழுவை அழைத்துப் போனாள். முள்ளும் செடியும் மண்டிய வழியில் மெதுவாக நடத்திச் சென்று அவள் காட்டியது தன் இருப்பிடத்தை. இரண்டு பாழ்ச்சுவர்களுக்கு இடையில் ஒரு பொந்து. ஈரம் வழியும் சுவர், மண் தரை, கந்தல் விரித்த ஒரு கட்டில். அவள் சொல்ல நினைத்ததெல்லாம் தன் துயரத்தின் கதையைத்தான் என்று கில்பின் புரிந்துகொண்டார். அதை மறைக்காமல் எழுதவும் செய்தார். இந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். ஆனால் சுத்தியலும் கிழவியும் ஒரே நூலில், சில பக்க இடைவெளியில், ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமலே இருக்கிறார்கள். என்னைத் தொந்தரவு செய்வது இதுதான். இரக்கம் ஒரு அறையிலும் ரசனை வேறொரு அறையிலும் குடியிருந்தன. நடுவில் கதவு இல்லை.

வேர்ட்ஸ்வொர்த் 1798 ஜூலையில் வந்தார். அவருடைய கவிதையில் மடமும் இல்லை, அதில் ஒண்டியிருந்தவர்களும் இல்லை, அந்த ஊரின் இரும்பு உலைகளும் இல்லை. இது திட்டமிட்ட மறைப்பு என்ற ரீதியில் அமெரிக்க விமர்சகர் மார்ஜரி லெவின்சன் 1986இல் வாதாடினார். பெரிய சர்ச்சை ஆயிற்று. எனக்கு அந்த வழக்கு முழுதாக நிற்கும் என்று தோன்றவில்லை. கவிதையின் தலைப்பே மடத்துக்குச் சில மைல் மேலே என்று சொல்லிவிடுகிறது. அது மடத்தைக் காட்டுவதாக நம்மிடம் வாக்குக் கொடுக்கவில்லை. எழுதாமல் விட்டவற்றைப் பட்டியலிட்டு ஒரு கவிஞனைக் கூண்டில் ஏற்றுவது விமர்சனம் ஆகாது, போலீஸ் வேலை. அந்தக் கவிதையின் அமைதியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே மடத்துக்குப் போகிற வாசகர்களாகிய நம்மைப் பற்றித்தான் கேள்வி.

துறவிகள் மட்டும் யோக்கியர்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மனித சஞ்சாரமற்ற இடம் வேண்டும் என்பது சிஸ்டர்ஸியன் லட்சியம். அப்படிப்பட்ட இடம் வாய்க்காத சில இடங்களில், யார்க்ஷயர் போன்ற பகுதிகளில், குடியானவர்களைக் கிளப்பிவிட்டுத் தங்கள் பண்ணைகளை அமைத்துத் தனிமையை உண்டாக்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு உழைத்த பணிச் சகோதரர்களுக்கு எழுத்து கற்பிக்கக் கூடாது என்று விதி இருந்தது. ஆக இடித்தவனுக்கு முன்னாலும் ஒரு இடித்தவன். ஆனால் ஒரு பற்று இன்னொரு பற்றை அடித்துவிடாது. இரண்டும் கணக்கில் நிற்கும். எல்லோரும் செய்தார்கள் என்று சொல்லி 'த்'தை மறுபடியும் 'ந்' ஆக்கிவிடுவது, காலத்தின் மேல் பழி போடுவதைவிட மோசமான தந்திரம்.

அப்படியானால் அழகைத் துறந்துவிடுவதா? அதுவும் பொய்யாகத்தான் முடியும். கூரையற்ற கோயிலில் புல்மேல் விழுந்த வெயில் எனக்கு நிஜமான சந்தோஷத்தைக் கொடுத்தது. அதை ஈயம் உரித்தவன் தயவால் வந்தது என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அவன் அழகை உத்தேசிக்கவில்லை. அவன் எடை போட்டான். அழகு அவனை மன்னிக்கவும் இல்லை, அவன் செய்ததால் களங்கப்படவும் இல்லை. நான் கேட்பது ரசிக்கிறவன் தன் வாக்கியத்தைச் சரியாக எழுத வேண்டும் என்பதுதான். சரியாக எழுதினால் ரசனையில் இனிப்பு குறையும், குறையட்டும். சிதைவைப் பாடுகிற நம் கவிதைகளுக்கும் இதைவிடக் கறாரான ஒரு சோதனை எனக்குத் தெரியவில்லை: வினைச்சொல்லில் ஆள் இருக்கிறானா, இல்லை அவனைத் தப்பவிட்டாயிற்றா?

கில்பினின் கிழவிக்குத் துறவிகளின் நூலகம் எங்கே இருந்தது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. பாழைப் பார்க்க வந்தவர்களுக்கு அதில் குடியிருப்பது யார் என்று அவள் காட்டினாள். டின்டர்னைப் பற்றி எழுதியவர்களில் எவரும் இதைவிடச் சரியாகக் காட்டியதாக எனக்குப் படவில்லை.