வேற்றுருவின் விலை

மணிமேகலையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவிகள் ரசிப்பது அதன் கடல்தாண்டும் சாகசத்தைத்தான். மயங்கிக் கிடப்பவளைத் தெய்வம் வான்வழியே மணிபல்லவத் தீவுக்குத் தூக்கிச் செல்கிறது. திரும்பும்போது அவளிடம் மூன்று மந்திரங்கள்: வேற்றுரு கொள்ள, வானில் செல்ல, பசியைத் தாங்க.

என்னை உறுத்துவது முதல் மந்திரம். தன்னைத் துரத்தும் உதயகுமரனிடமிருந்து தப்ப அவள் காயசண்டிகையின் உருவை எடுக்கிறாள். இத்தனைக்கும் தன் நெஞ்சு அவன்பின் போவதை மறைக்காதவள். மனம் சாய்ந்த பிறகும் வேண்டாமென்று சொல்ல ஒரு பெண்ணுக்கு உரிமையில்லையா? சொல் போதாமல்தானே இன்னொருத்தியின் முகம் தேவைப்படுகிறது?

அந்த முகத்துக்கும் ஓர் உரிமைக்காரன் இருக்கிறான். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் ஒளிந்திருந்து வேவு பார்க்கிறான். அவளைத் தன் மனைவியென்றே நம்பி உதயகுமரனை வெட்டிக் கொல்கிறான். சிறைக்குப் போவதோ மணிமேகலை.

பேருந்தில் தொல்லை தந்தவனிடம் "எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்று பொய் சொல்லித் தப்பியதாக ஒரு மாணவி சொன்னாள். அவள் வயதில் நானும் அதையே சொல்லியிருக்கிறேன். அந்தப் பொய்யைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அவன் விலகியது அவளை மதித்து அல்ல, இல்லாத ஒரு கணவனை மதித்து. சொந்த முகத்தோடு சொல்லும் "வேண்டாம்" செல்லுபடியாகும்வரை நாமும் காயசண்டிகையின் உருவில்தான் நடமாடுகிறோம்.